கை தூக்காத டெஸ்மண்ட்

டெஸ்மண்ட் ஹார்ட்னெலைப் போல ஒரு தலைக்கனம் பிடித்த மனிதரை எங்கள் நடைக் குழு கண்டதில்லை. சிட்னியிலிருந்து ரயிலேறிப் போய் ஆற்றோரக் காடுகளில் நடக்கிறவர்கள் நாங்கள். எதிரே யார் வந்தாலும் கையைத் தூக்கி, ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போவதுதான் எங்கள் வழக்கம். இந்த மகானுக்கு மட்டும் அது ஆகாது.

“போறவன் வர்றவனுக்கெல்லாம் கையாட்ட நான் என்ன எலெக்‌ஷன்லயா நிக்கிறேன்?” என்பார். வழிவிட்டு ஒதுங்கும் குழந்தைகளைக்கூட ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை பாதி வழியில் எங்கள் குழுவின் மோரீன் யாரோ ஒரு கிழவரிடம் நின்று பேசினாள். டெஸ்மண்டுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“நீங்க ஊர்க்கதை பேசிட்டு வாங்க. எனக்கு வழி தெரியும்” என்று தனியாக வாண்டபைன் ரயில் நிறுத்தத்துக்கு இறங்கிப் போய்விட்டார். நாங்கள் வேறு பாதையில் நடந்து, அதற்கு முந்தைய ஸ்டேஷனில் ரயில் ஏறினோம்.

வாண்டபைனுக்குச் சாலையே கிடையாது. காடும் ஆறும்தான். அங்கே நிற்பவர்கள் கை காட்டினால்தான் ரயில் நிற்கும். இத்தனை வருஷமாக அந்தக் கையையும் அவருக்காக எங்களில் ஒருவர்தான் காட்டிவந்தார்.

வாண்டபைன் நெருங்கியும் எங்கள் வண்டி வேகம் குறையவே இல்லை. பிளாட்பாரத்தில் கைத்தடியை ஊன்றி, மோவாயை உயர்த்தி, தனக்காக நிற்கப்போகும் ரயிலுக்காக அவர் காத்திருந்தார்.

“யோவ், கையத் தூக்கித் தொலையேன்யா!” என்று மோரீன் கண்ணாடியைத் தட்டினாள்.

நான் எழுந்து நின்று அவருக்கு நன்றாகக் கையாட்டினேன். அப்போதும் அவர் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார்.