தொம்மலூரில் கை நனைக்காமல் திரும்பிய கதை

இது இப்படித்தான் முடியும் என்று எனக்கு அப்போதே தெரியும். சொன்னேன், யாரும் கேட்கவில்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் உலக அரசியலில் என்னை மடக்க கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஆள் கிடையாது.

2004 அக்டோபரில் ஒரு ஞாயிறு. அமெரிக்காவில் ஜனாதிபதி தேர்தல் நெருங்கிய சமயம். அக்கா மகள் செல்விக்குத் தொம்மலூரில் மாப்பிள்ளை பார்த்திருந்தோம். பெயர் சுரேஷ், கால் சென்டர் வேலை. அவர்கள் வந்து பெண் பார்த்து, இருவருக்கும் பிடித்தும் போயிற்று. இனி நாங்கள் போய்க் கை நனைக்க வேண்டியதுதான் பாக்கி. மாப்பிள்ளை வீட்டில் நாங்கள் சாப்பிட்டால் சம்பந்தம் உறுதி. முதல் இலையில் தாய்மாமன் உட்கார வேண்டும். அத்தான் உயிரோடு இல்லாததால் என் வார்த்தைதான் எல்லாம்.

காலை 6.10க்குப் பஸ். ஆளுக்கு 38 ரூபாய், ஏறக்குறைய 90 கிலோமீட்டர். ஓசூர் தாண்டியதும் அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, உன் கால்ல வேணா விழறேன். சாப்பிட மட்டும் வாயத் தொற."

சந்தாபுராவில் அரை மணி நேரம் நெரிசல். 8.50க்கு சில்க் போர்டு நிறுத்தம். அங்கிருந்து ஆட்டோ.

"தொம்மலூரா? மீட்டருக்கு மேல பத்து ரூபா குடுங்கண்ணா."

நான் சுத்தக் கன்னடத்தில் "யாக்கே?" என்று காரணம் கேட்டேன். அவன் அசந்துபோய் ஐந்து குறைத்தான்.

சுரேஷின் அப்பா ஆலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், மூன்று தலைமுறையாகத் தொம்மலூர். உள்ளே வடை வாசனை. டி.வி.யில் அமெரிக்க வேட்பாளர்கள் இருவரும் மோதிக்கொண்டிருந்தார்கள்.

"மே மாசம் நம்ம நாட்டுலயே ஆட்சி மாறுச்சு. எங்க தெரு சாக்கடை மாறல. அவன் மாறி நமக்கு என்ன சம்பந்தி?" என்று அவர் சிரித்தார்.

"சாக்கடை வேற, வெளியுறவுக் கொள்கை வேற, சம்பந்தி" என்றேன். ஈராக் போரில் ஆரம்பித்து எண்ணெய் விலை வரை விளக்கினேன்.

ராத்திரி ஷிப்ட் முடித்துக் கண் சிவந்திருந்த சுரேஷ் மெல்லச் சொன்னான். "அமெரிக்காக்காரங்க போன்லயே திட்டுறாங்க மாமா, எங்க வேலையத் திருடுறியான்னு. சாரி சொல்லிட்டு அடுத்த கால் எடுத்துருவேன்."

நான் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "இன்னும் எத்தனை நாளைக்கு எடுப்பீங்க? புது ஆள் ஜெயிச்சதும் முதல் கையெழுத்தே உங்க கம்பெனிங்களுக்குப் பூட்டுதான். என் சிநேகிதன் பையன் வாஷிங்டன்ல அவரு ஆபீஸ்லயே இருக்கான். நேத்து போன் பண்ணான்."

அக்கா முகம் வெளுத்துவிட்டது. அத்தான் வேலை பார்த்த மில் மூடியபிறகு அவள் பட்டது அவளுக்குத்தான் தெரியும். இலை போட்டுக் கூப்பிட்டபோது அவள் எழுந்திருக்கவில்லை.

"தப்பா நினைக்காதீங்கண்ணா. அந்தத் தேர்தல் முடியட்டும், அப்புறம் வந்து கை நனைக்கிறோம்."

சுரேஷ் அப்பாவின் சிரிப்பு நின்றது. "எம்பையன் இருக்கறது தொம்மலூர்லமா. எவனோ எங்கயோ ஓட்டுப் போடறதுக்கு நாங்க இலையப் போட்டுக்கினு காத்துக் கெடக்கணுமா?" அவர் மனைவி இலைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். தெளித்த தண்ணீர்கூட அவற்றில் காயவில்லை.

நவம்பரில் நான் சொன்ன ஆள் தோற்றார். அது மயிரிழைக் கணக்குத் தவறு, விடுங்கள். கம்பெனி மூடவில்லை. தை மாதம் ஆனேக்கல் பெண்ணோடு சுரேஷுக்குக் கல்யாணம். செல்வி இன்றும் எனக்குச் சோறு போடுகிறாள். 'மாமா' என்று மட்டும் கூப்பிடுவதில்லை.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஞாயிறு என்றால் ஐந்து மணி பஸ்ஸைப் பிடியுங்கள், சந்தாபுரா நெரிசல் இருக்காது. ஆட்டோவுக்கு எழுபது ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள். இலை போட்டதும் உட்கார்ந்துவிடுங்கள். அரசியலைத் திரும்பும் பஸ்ஸில் பேசலாம்.

இன்னொன்று. அக்காவிடம் இதுவரை சொன்னதில்லை, அவள் இதைப் படிக்கவும் மாட்டாள். வாஷிங்டனில் எனக்கு யாரும் இல்லை. அந்தப் போன் வரவே இல்லை.