தர்சிகா அடைச்ச ஆறு ஓட்டை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை நானே சொல்லிப்போடுறன், பிறகு நீங்கள் ஆரிட்டையும் கேட்டு அறிய வேண்டாம். இரத்தினேஸ்வரி எண்டால் உட்துறைமுகப் பக்கத்தில ரெண்டு விசயத்துக்குத் தெரியும்: ஒண்டு இடியப்பம், மற்றது ஏச்சு. ஒரு நாள் முழுக்க என்ர ஏச்சைக் கேட்டும் கை நடுங்காமல் வேலை செய்த ஒருத்தியைப் பற்றித்தான் சொல்லப்போறன். பேர் தர்சிகா. சாம்பல்தீவு ஆள், வயசு முப்பத்திநாலு, தொழில் வயரிங்.

சீனன்குடாப் பக்கம் ஒரு கன்டீனுக்கு ஒவ்வொரு நாளும் காலமை ஐந்நூறு இடியப்பம் குடுக்கிற ஓர்டர் எனக்கு வர இருந்தது. அதை நம்பி ரெண்டு பொம்பிளையளை வேலைக்கும் வரச் சொல்லிப்போட்டன். ஆனால் அதுக்கு முதல் பி.எச்.ஐ., அதுதான் சுகாதாரப் பரிசோதகர், குசினியைப் பார்த்துக் கடிதம் தரவேணும். வந்தவர் அடுப்பு நல்லம், தண்ணி நல்லம் எண்டார். பிறகு மாச்சட்டி மூடியில கிடந்த பல்லி எச்சத்தைப் பார்த்தார். அண்ணாந்து சீலிங்கைப் பார்த்தார். அங்க சீலிங்குக்குள்ள பதிச்ச ஆறு லைட், உப்புக் காத்துக்கு ஸ்பிரிங் கறள் பிடிச்சு, விளிம்பு விட்டுத் தொங்குது. வெள்ளிக்கிழமை திரும்ப வருவன், அதுக்குள்ள பல்லி வாற அந்த ஓட்டையளைச் சரியா அடைச்சு வையுங்கோ, இல்லாட்டிக் கடிதம் தர ஏலாது எண்டுட்டுப் போனார்.

வியாழக்கிழமை காலமை ஹாட்வெயார்க் கடைக்காரர் அனுப்பின ஆள் எண்டு தர்சிகா ஸ்கூட்டியில வந்து இறங்கினா. ஆம்பிளை ஒருத்தர் வருவார் எண்டெல்லோ நினைச்சனான், அதையும் மூஞ்சைக்கு நேர சொல்லிப்போட்டன். அவ மெயின் சுவிச் எங்க எண்டுதான் கேட்டா.

அவ ஏணியில ஏற ஏற நான் கீழ நிண்டு ஹஸனை ஏசத் தொடங்கினன். இந்த லைட்டுகளை முதல் பூட்டினது அவர். மேல பல்லி வாற மாதிரி இடைவெளி விட்டுப் பூட்டின மனிசன், ரெண்டு வருசமா பல்ப் பல்ப்பாக் கருகுது, வேலை தெரியாத ஆள் எண்டு தெருவுக்கே சொல்லிப்போட்டன் எண்டும் பெருமையாச் சொன்னன். தர்சிகா "ஓம் அன்ரி" எண்டுகொண்டு முதல் லைட்டைக் கழட்டி, ஓட்டைக்குள்ள கையை விட்டா.

கையோட வந்தது ஒரு துணி. பாதி கரி. மிச்சப் பாதியில மஞ்சள் பூ.

அது நான் வீட்டில உடுத்துற பழைய சோட்டி. பல்லித் தொல்லை தாங்க ஏலாமல், ரெண்டு வருசத்துக்கு முன்னம் நானே ஏணி வைச்சு மேல ஏறி, கிழிச்சுக் கிழிச்சு ஒவ்வொரு லைட்டையும் சுத்தி அடைச்சனான். ஆறு ஓட்டையிலயும் ஆறு துண்டு, ஆறும் கருகிக் கிடந்தது. ஒரு இடத்தில வயரின்ர தோல் உருகி வழிஞ்சு போயிருந்தது.

அந்தப் பழைய பல்ப் நல்லாச் சுடும், அந்தச் சூடு போகத்தான் இடைவெளி விடுறது எண்டு தர்சிகா விளங்கப்படுத்தினா. பிறகு மெதுவாச் சொன்னா: "இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் வீடு எரிஞ்சிருக்கும், அன்ரி."

எனக்கோ வெக்கம், வெக்கம் வந்தால் எனக்குக் கொதியும் வரும். சிலிக்கனைச் சும்மா சுத்திவரப் பூசிவிட்டுட்டுப் போ பிள்ளை, நாளைக்கு அந்தாள் வரப்போறார் எண்டு கத்தினன். அவ மசியேல்ல. துணி முழுக்க இழுத்து எடுத்தா. கருகின வயரை நல்ல செம்பு தெரியுமட்டும் வெட்டினா. அரிச்சுப்போன ஓட்டை விளிம்பைத் தேய்ச்சு, சிலிக்கன் வைச்சு மட்டமாக்கினா. பிறகு பின்பக்கம் மூடின, சூடு குறைஞ்ச எல்.ஈ.டி. லைட்டை ரப்பர் வளையத்தோட இறுக்கினா. ஒரு ஓட்டைக்கு ஒரு மணித்தியாலம். கீழ நிண்டு பார்த்த எனக்கே கழுத்துப் பிடிச்சுப்போச்சு. என்ன பொறுமை அந்தப் பிள்ளைக்கு! சிலிக்கன் காயட்டும், நாளைக்கு வந்து சோதிக்கிறன் எண்டுட்டுப் போனா.

வெள்ளிக்கிழமை நான் சாமிக்குக் காட்டின சாம்பிராணித் தட்டோட வீடு சுத்திக்கொண்டு நிக்க, தர்சிகா வந்தா. அந்தத் தட்டைக் குசினிக்குள்ள வைச்சு, ஃபானை நிப்பாட்டி, யன்னலைச் சாத்தச் சொன்னா. புகை எழும்பிச் சீலிங்கில படர்ந்தது. அஞ்சு லைட்டடியில அப்பிடியே நிண்டுது. ஆறாவதில மட்டும் நூல் மாதிரி ஒரு புகை மேல ஏறிப் போச்சு.

அந்த நேரம் பார்த்து வாசலில பி.எச்.ஐ.யின்ர மோட்டார்சைக்கிள். பேசாமல் ஏணியை எடு எண்டு நான் கண்ணைக் காட்டுறன். அவ நேரா வாசலுக்குப் போனா.

"சேர், இன்னும் முடியேல்ல. ஒண்டில புகை போகுது. அரை மணித்தியாலம் தாங்கோ."

எனக்கு வந்த கொதிக்குச் சாம்பிராணித் தட்டைத் தூக்கி எறிஞ்சிருப்பன். என்ர ஓர்டர், அந்த ரெண்டு பொம்பிளையளின்ர வேலை, எல்லாம் போச்சு எண்டு நினைச்சன். மனிசன் எண்டால் போய் விறாந்தைக் கதிரையில இருந்திட்டார். தர்சிகா ஆறாவது லைட்டைக் கழட்டினா. ரப்பர் வளையம் ஒரு பக்கம் மடிஞ்சு போய் இருந்தது. நிமித்தித் திரும்ப இறுக்கினா. மறுபடியும் புகை போட்டு, மூண்டு பேரும் கண் எரிய எரிய அண்ணாந்து நிண்டம். புகை அசையேல்ல.

குசினி மேசையிலயே வைச்சு அவர் கையெழுத்துப் போட்டார். போகேக்க தர்சிகாவிட்ட, இந்த வேலை எங்க பழகினீங்கள் எண்டு கேட்டார்.

"ஹஸன் நானாட்ட, சேர். நாலு வருசம் அவரோட வேலை செய்தனான்."

நான் நாள் முழுக்க ஏசின அதே ஹஸன். கருகின துணியைக் கையில வைச்சுக்கொண்டும் அந்தப் பிள்ளை எனக்கு எதிரா ஒரு சொல் சொல்லேல்லையே. அவர் போன பிறகு, ஏன் பிள்ளை நேற்றே சொல்லேல்ல எண்டு கேட்டன்.

"சொல்லியிருந்தால் என்னை ஏணியில ஏற விட்டிருப்பியளோ, அன்ரி?"

விட்டிருக்க மாட்டன். துரத்திப்போட்டு, அந்தத் துணிக்குக் கீழயே அடுப்பு மூட்டியிருப்பன்.

பின்னேரம் அந்தக் கருகின துண்டு ஆறையும் ஒரு பையில போட்டுக்கொண்டு ஹஸன் நானா வீட்டுக்குப் போனன். மனிசன் வாசலுக்கு வந்தார். உள்ள வாங்கோ எண்டார். நான் போகேல்ல. பையை அவரின்ர கையில குடுத்து, தெருவில நிண்டு, ரெண்டு வருசமா அவரை ஏசின அதே சத்தத்தில சொன்னன்:

"அடைச்சது நான்."