கொடியும் இலையும் வைத்த எழுத்து

கணக்கு டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், ஸ்ரீவராகம் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டிலேயே டியூஷன் எடுக்க மனைவி தீர்மானித்தாள். வாசலுக்கு ஒரு போர்டு வேண்டும். "என் பேர் பெரிசா இருக்கணும். தெருக்கோடிலேர்ந்து படிக்கணும்," என்றாள். அது ஒன்றுதான் அவள் கேட்டது. அதுவரை எங்கள் கேட்டில் தொங்கியது என் பெயர் மட்டும்.

பொறுப்பை நானாகவே இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஆபீஸ் ஆண்டு மலருக்கு இரண்டு முறை அட்டை வடிவமைத்தவன் அல்லவா! மூன்று வாரம் கம்ப்யூட்டரில் துழாவி, பழைய பாணி ஆங்கில எழுத்துரு ஒன்றைப் பிடித்தேன். ஒவ்வொரு எழுத்தின் முனையிலும் குட்டிக் கால், காலின் நுனியில் சுருள், எழுத்துக்குள்ளே கொடி, கொடியில் இலை. அதில் 'க்யூ'வின் வால் அத்தனை அழகு. மனைவியின் பெயரில் 'க்யூ' இல்லையே என்று உண்மையாகவே வருந்தினேன்.

ஆரியசாலைக் கடைத்தெருவில் ஃப்ளெக்ஸ் போர்டு அடிப்பவர் தலையைச் சொறிந்தார். "இது வேண்டாம் சாரே. நல்ல தடி எழுத்தா, மஞ்சள்ல சிவப்பு அடிக்கலாம். தூரத்துலேர்ந்தே காணலாம்."

"கறுப்பு வெள்ளைதான் கம்பீரம்," என்றேன். அவள் போட்டோவை முட்டை வடிவச் சட்டத்துக்குள் வைத்து, சுற்றிலும் கறுப்புக் கோடு போடச் சொன்னேன். "சாரோட இஷ்டம்," என்று அவர் அடித்துக் கொடுத்துவிட்டார்.

போர்டு கட்டிய மறுநாள் காலை, பக்கத்துத் தெரு மலையாளி ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாக உள்ளே வந்து, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "ஞான் அறிஞ்ஞில்ல சாரே. இப்போழா போர்டு கண்டது." தனக்குத் தெரியாமலே போயிற்றாம், இப்போதுதான் போர்டைப் பார்த்தாராம். அதற்குள் மனைவி காபியோடு வந்து நின்றாள். மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது.

இந்த ஊரில் யாராவது இறந்தால் உடனே தெரு முக்கில் படம் போட்டு அஞ்சலி ஃப்ளெக்ஸ் வைப்பார்கள். தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் பஸ் ஏறுகிறேன். எங்கள் போர்டிலும் அதே கறுப்பு வெள்ளை, அதே சட்டம், அதே கோடு. கீழே இருந்த 'மேத்ஸ் டியூஷன்' கொடிக்கும் இலைக்கும் நடுவில் எங்கேயோ இருந்தது. ஒருவராலும் படிக்க முடியவில்லை.

அவர் போனதும் நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"முப்பது வருஷம் அட்டென்டன்ஸ்ல அடுத்தவா பேரையே கூப்பிட்டுண்டு இருந்தேன். என் பேரை ஒரு தடவை பெரிசா பார்க்கணும்னு ஆசை. அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவள் ஆசையை எடுத்து என் மேதாவித்தனத்துக்கு விளம்பரம் செய்திருந்தேன்.

அன்றே ஆட்டோ பிடித்து அவளே ஆரியசாலைக்குப் போனாள். என்னைக் கூப்பிடவில்லை. மஞ்சளில் சிவப்பாக, தடித்தடியாக ஒரு போர்டு வந்தது. நான் ஏணியில் ஏறிக் கட்டினேன். அவள் தெருக்கோடி வரை நடந்துபோய்த் திரும்பி, தன் பெயரைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி போதாது என்று சொல்ல வாய் துறுதுறுத்தது. அவள் கிட்டே வந்து, "கயிறை கெட்டியா கட்டினேளா?" என்று மட்டும் கேட்டாள்.