ஸ்டெல்லா அடித்த மூன்றாவது கட்டம்

ஸ்டெல்லாவுக்கு நாற்பத்தேழு வயது. அலுவலகம் ஒன்றில் டைப்பிஸ்ட், பர்மனென்ட். குவார்ட்டர்ஸ் அவள் பேரிலேயே இருந்தது. அதில் அவளும் அப்பா லூர்துசாமியும் இருந்தார்கள். 2013 நவம்பரில் அப்பா போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேசுவதற்கு டி.வி. மட்டும்தான். ஆபீசில் வருகிறவர்களும் தாளை நீட்டி, "மேடம், அர்ஜென்ட்" என்பதோடு சரி. ஒரு நாள் முழுக்க அவள் பேசியதைக் கூட்டினால் பத்து வார்த்தை தேறாது.

டிசம்பரில் மாதா கோயில் இளைஞர்கள் மேளமும் கிதாருமாக பிளாக் பிளாக்காகப் போய், வீட்டுக்கு வீடு கிறிஸ்மஸ் கேரல் பாடுவார்கள். துக்க வீட்டில் மட்டும் அந்த ஒரு வருஷம் பாடுவதில்லை. அப்பா போன வருஷம் அவள் வீட்டிலும் பாடவில்லை. அது நியாயம்தான். ஆனால் 2014-இல் வரவேண்டும். இருபது பேர் வாசலில் நின்று சத்தம் போட வேண்டும், செருப்பு குவிய வேண்டும், பலகாரத் தட்டு காலியாக வேண்டும். ஜூன் மாதத்திலிருந்தே அவளுக்கு இந்த ஆசை. யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல ஆள் இருந்தால் இப்படி ஒரு ஆசையே வந்திருக்காது.

நவம்பர் கடைசியில் பங்குச் சாமியார் கூப்பிட்டார். எந்த வீட்டில் பாடலாம், எதில் கூடாது என்று ஒவ்வொரு வருஷமும் குழப்பம். ஒரு ஃபாரம் அடித்துத் தரவேண்டும் என்றார். பெயர், பிளாக், குவார்ட்டர்ஸ் எண். கீழே மூன்று கட்டம்: பாட வரவும், வேண்டாம், துக்க வீடு – ஜெபம் மட்டும். கடைசிக் கட்டத்தின் பக்கத்தில் இறந்தவர் பெயர்.

கட்டம் போடுவது என்ன பெரிய வித்தை என்றுதான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். முதலில் சதுரம் ஒன்றை வரைந்தாள்; மேலே ஒரு வரி சேர்த்ததும் அது நழுவி வேறொரு வரியின் தலையில் ஏறிக்கொண்டது. பிறகு இன்செர்ட்டில் சிம்பலைத் திறந்து, விங்டிங்ஸ் என்ற ஃபான்ட்டில் துழாவி, அளவான கட்டம் ஒன்றைப் பிடித்தாள். மூன்றையும் போட்டு முடித்து, எல்லாவற்றையும் செலக்ட் செய்து தமிழ் ஃபான்ட்டுக்கு மாற்றினாள். கட்டங்களும் தமிழ் எழுத்தாக மாறிப் பல்லை இளித்தன. மறுபடி ஒவ்வொன்றாகப் போட்டாள். கோபமே வரவில்லை. பொழுது போவது தெரியாமல் ஒரு வேலை கிடைத்ததே என்று சந்தோஷமாகத்தான் இருந்தது. அதே வரிசையில் டிக் போட்ட கட்டமும் இருந்ததைக் கண்டு வைத்துக்கொண்டாள்.

சாமியார் பார்த்து மெச்சினார். "மாதிரிக்கு ஒண்ணு நிரப்பிக் குடும்மா, நோட்டீஸ் போர்டுல ஒட்டிடலாம். மூணாவது கட்டந்தான் சனங்களுக்குப் புரியாது. அதையே நிரப்பிக் காட்டு."

யார் பெயரைப் போடுவது? அடுத்தவர் வீட்டைத் துக்க வீடு என்று எழுத எந்தக் கைக்கு மனசு வரும்? கற்பனையாக ஒரு பெயர் போட்டாலும், அந்தப் பெயரில் எந்த பிளாக்கிலாவது ஒருத்தர் இருந்து தொலைப்பார். தன் பெயரையே அடித்தாள். மூன்றாவது கட்டத்தில் டிக். இறந்தவர்: லூர்துசாமி. தலைப்பில் 'மாதிரி' என்று அடிக்க மறந்துவிட்டாள்.

தன்னுடைய ஃபாரத்தைப் பேனாவால் நிரப்பினாள். 'பாட வரவும்' கட்டத்தில் அழுத்தமாக ஒரு டிக் போட்டு, கோயில் பெட்டியில் சேர்த்தாள்.

கேரல் வரும் நாளில் பெர்மிஷன் போட்டுச் சீக்கிரம் வந்தாள். ஸ்டார் கட்டி, வாசல் கழுவி, முறுக்கும் அதிரசமும் தட்டில் அடுக்கினாள். ஆறரை மணிக்கு மேளம் கேட்டது. நாலு வீடு தள்ளிப் பாடினார்கள். பிறகு பக்கத்து வீடு. தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

அவள் வீட்டு கேட்டை நெருங்கியதும் மேளம் நின்றது. யாரோ "ஷ்" என்றார்கள். கிறிஸ்மஸ் தாத்தா முகமூடியைக் கழற்றிப் பின்னால் மறைத்துக்கொண்டார். குழுவை நடத்தும் ரெஜின் மட்டும் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் பேசினான்.

"அக்கா, உங்க பேர்ல ரெண்டு ஃபாரம் இருந்துச்சி. போர்டுல டைப் பண்ணது ஒண்ணு, பொட்டியில பேனால எழுதுனது ஒண்ணு. எதுன்னு யோசிச்சிகினே இருந்தோம். டைப் பண்ணதுதான் நெதானமா பண்ணதா இருக்கும்னு எடுத்துக்கினோம். ஐயாவுக்கு ஜெபம் மட்டும் சொல்லிடறோங்க்கா."

அது மாதிரிக்கு அடித்ததுப்பா என்று சொன்னால் போதும். தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அதைச் சொன்னால் அடுத்ததாக, பாடுங்கள் என்று கேட்க வேண்டும். பேனாவால் கேட்டுவிட்டாள், இத்தனை முகங்களுக்கு முன்னால் வாயால் கேட்க அவளுக்கு வரவில்லை. அழுகைதான் வந்தது. அதைப் பார்த்த ரெஜின், நல்ல வேளை, சரியான ஃபாரத்தைத்தான் எடுத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டான்.

தலை குனிந்து ஜெபம் சொன்னார்கள். அவள் தட்டை நீட்டினாள். "இருக்கட்டுங்க்கா" என்று ரெஜின் பணிவாகக் கையெடுத்துக் கும்பிட்டான்.

துக்க வீட்டில் போய்வருகிறோம் என்று சொல்லக் கூடாது அல்லவா. அதனால் இருபது பேரும் ஒருவர் பின் ஒருவராக, ஒரு வார்த்தை பேசாமல், கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்கள்.