மூட்டைக்கு அடியில் வைத்த பக்கம்

சித்தேரி மலை பஸ்ஸில் ஏறும்போதே எனக்கு இடுப்பு விட்டுப்போகும். நானும் பார்வை இல்லாதவள்தான்; கண் போனவர்களை வீடு தேடிப் போய் பிரெயில் எழுதக் கற்றுக்கொடுப்பது என் வேலை. அன்றைக்கு மட்டும், அநேகமாக, ஒருத்திக்கு எழுதக் கொடுத்திருந்த பிரெயில் பலகையைத் திரும்ப வாங்கத்தான் போனேன். "இந்தத் தடவையும் அந்தம்மா ஒரு பக்கம் எழுதித் தரலன்னா பலகைய வாங்கிட்டு வந்துருங்க, வேற ஆளு காத்திருக்காங்க" என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன, மலை ஏறுகிறவள் நான்.

அவளுக்கு முப்பது வயதிருக்கும். காய்ச்சலில் கண் போனது. புளி தட்டித் தட்டி விரல் நுனியெல்லாம் காய்த்துக் கிடந்ததால் பிரெயில் புள்ளி பிடிபடவே இல்லை. போதாக்குறைக்கு, பலகையில் காகிதத்தை மாட்டி ஊசியால் வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும். பிறகு காகிதத்தைத் திருப்பிப் போட்டு இடமிருந்து வலமாகத் தடவிப் படிக்க வேண்டும். எத்தனை முறை சொன்னாலும் இடது ஓரத்திலிருந்தே ஆரம்பிப்பாள். எனக்கும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

அன்று வாசலிலேயே, "முழுப் பக்கம் எழுதிட்டேங்க டீச்சர்" என்றாள். அவள் அம்மா காகிதத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். தடவினேன். வழவழவென்று இருந்தது. திருப்பித் தடவினேன். அங்கங்கே ஒரு புள்ளி, அவ்வளவுதான்.

"காயிதம் பூரா சொரசொரன்னு கெடந்துச்சுங்க. ஆபீசுக்குப் போறதாச்சேன்னு அரிசி மூட்டைக்கு அடியில வெச்சு நல்லாப் படிய வெச்சேன்" என்றார் அம்மா. பெருமையாகத்தான் சொன்னார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏம்மா, அந்தச் சொரசொரப்புதாம்மா எழுத்தே" என்றேன். அம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"எங்கம்மாவ ஒண்ணும் சொல்லாதீங்க டீச்சர். பஸ்ஸு மேல போயித் திரும்பி வர்றதுக்குள்ள இன்னொருக்கா எழுதிடறேன்" என்றாள் அவள்.

வேறு காகிதத்தைப் பலகையில் மாட்டிக் குத்த ஆரம்பித்தாள். நான் சுவரில் சாய்ந்து, கண் சொக்கச் சொக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஊசிச் சத்தம் வலது ஓரத்திலிருந்துதான் புறப்பட்டது. ஒவ்வொரு வரிக்கும் அப்படித்தான்.

ஹாரன் கேட்டபோது கடைசி வரியில் இருந்தாள். முடித்ததும் வாங்கி முதல் வரியைத் தடவினேன். "அம்மா, இதை மூட்டைக்கு அடியில் வைக்காதே." வாய்விட்டுப் படித்தேன். அம்மா அழுகையோடே சிரித்துவிட்டார். பலகையை அவள் மடியிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. மடக்குக் கோலைப் பையில் செருகிக்கொண்டேன். "காயிதத்த எங்கிட்டக் குடுங்க, மடியில வெச்சிக்கிறேன்" என்றது ஒரு பெண் குரல்.

"வேண்டாம்மா, நசுங்கிடும்."

ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அந்தப் பக்கத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடியே அரூர் வரை வந்தேன். தோள் கழன்றுவிடும்போல வலித்தது. கையை இறக்கவில்லை.