வாயில் நுழையாத பெயர்

ஓட்டலில் பரிமாறுகிற வேலையில் முதலில் தேய்வது செருப்பு இல்லை, சிரிப்பு. நீங்களும் எந்தக் கடையிலாவது நின்றுகொண்டே சம்பாதிக்கிறவராக இருந்தால் இதை நான் விளக்க வேண்டியதில்லை. கால் வலிக்கிறது என்றால் தைலம் கொடுப்பார்கள். கன்னம் வலிக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது?

நான் பிளஸ் டூ முடித்தவள். முடித்தேன் என்றால், பள்ளிக்கூடம் போவதை முடித்தேன். வீடு திருநின்றவூர். வேலை அம்பத்தூரில், ஒரு கொரியா சாப்பாட்டு ஓட்டலில். வருகிறவர்களில் பாதி, இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் கொரியாக்காரர்கள். மீதி, கொரியா சீரியல் பார்த்துவிட்டு வருகிற நம்ம ஊர்ப் பிள்ளைகள். நானும் அந்தக் கும்பல்தான். ஒன்பதாவதிலிருந்து பார்த்துப் பார்த்தே கொரியன் பேசக் கற்றுக்கொண்டேன். அதற்கு மட்டும் பரீட்சை வைத்திருந்தால் என் போட்டோ பள்ளிக்கூட வாசலில் தொங்கியிருக்கும்.

யூனா

சேர்ந்த அன்றைக்கே மேனேஜர் பிரகாஷ் அண்ணன் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜ் கொடுத்தார். என் பெயர் தமிழ்ச்செல்வி. பேட்ஜில் 'யூனா' என்று இருந்தது. ஆள் மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று திருப்பி நீட்டினேன். இல்லை, அது நான்தானாம். எனக்கு முன்னால் வேலையை விட்டுப் போன பெண்ணும் யூனாதானாம்.

பொய் சொல்ல மாட்டேன், எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. 'தமிழ்ல ஃபெயிலான தமிழ்ச்செல்வி' என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்தவள் நான். கை கழுவுகிற இடத்துக் கண்ணாடி முன்னால் நின்று நாலு தடவை 'யூனா, யூனா' என்று என்னையே கூப்பிட்டுப் பார்த்தேன். பின்னாலேயே வந்து நின்ற பிரகாஷ் அண்ணன் சொன்னார்: "தமிழ்ச்செல்வின்னு கூப்ட்டு முடிக்கறதுக்குள்ள சூப்பு ஆறிடும்மா."

ரெண்டு கை

கொரியாவில் பெரியவர்களுக்கு எது கொடுத்தாலும் இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும், லேசாகக் குனியவும் வேண்டும். ஒரு நாளைக்கு நூறு தடவை அப்படித் தட்டு நீட்டினால் உடம்பு தானாகவே குனியப் பழகிவிடுகிறது. எனக்கு அது பிடிக்கும். ஒருத்தருக்கு ஒன்றைக் கொடுப்பதில் இவ்வளவு மரியாதை இருக்கலாம் என்று யாரும் எனக்கு அதுவரை காட்டியதில்லை.

ஆனால் நிறுத்தத் தெரிய வேண்டும். ரயில் ஏதோ கோளாறில் நின்றுபோன ஒரு நாள் ஆவடி வரை பஸ்ஸில் போனேன். கூட்டத்தில் கம்பியை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் காசை ஏந்தி, கண்டக்டரைப் பார்த்துக் குனிந்தேன். டிரைவர் பிரேக் போட்டார். நான் போய் கண்டக்டர் வயிற்றிலேயே முட்டினேன். அவர் என்னை நிமிர்த்திவிட்டுக் கேட்டார்: "நான் இன்னா அம்மன் கோயில் உண்டியலா? ஒரு கையால குடு, ஒரு கையால கம்பியப் புடி."

டப்பா

கிம்ச்சி என்றால் முட்டைக்கோஸை உப்பில் ஊறவைத்து, மிளகாய்த்தூளும் பூண்டும் தடவிப் புளிக்கவைப்பது. ஒரு நாள் ஓட்டலில் வீட்டுக்கு ஒரு டப்பா கொடுத்துவிட்டார்கள். ரயிலில் அண்ணனூர் வருவதற்குள் என்னைச் சுற்றி இரண்டு சீட் காலி. எதிரே இருந்த அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு, கருவாடு வாங்கினால் கவரில் சுற்றிக்கொண்டு வரக்கூடாதா என்று கேட்டார். கோஸ் என்று சொன்னேன். நம்பவில்லை.

அம்மா என்ன சொல்வாளோ என்று பயந்துகொண்டேதான் டப்பாவைத் திறந்தேன். அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் பேக்கிங் செக்‌ஷனில் வேலை செய்கிறாள். வாசனைக்கு அசருகிற ஆள் இல்லை. பழைய சோற்றில் தண்ணீர் ஊற்றிப் பிசைந்தாள், கோஸைக் கடித்துக்கொண்டாள், முழுக் கிண்ணத்தையும் முடித்தாள், டப்பாவையும் வழித்தாள். அப்புறம் தீர்ப்பு சொன்னாள்: "நல்லாத்தான் கீது, ரெண்டு டப்பா கேளு. ஆனா நம்ம மோர் மொளகா கிட்ட இது நிக்க முடியாது, ஆமா."

யாருடைய அண்ணி

கொரியாவில் ஒரு பெண் தன்னைவிட மூத்த பெண்ணை 'ஒன்னி' என்று கூப்பிடுவாள். அக்கா என்று அர்த்தம். எங்கள் ஓட்டலுக்கு வாரா வாரம் வரும் இரண்டு ஸ்கூல் பிள்ளைகளுக்கு நான்தான் ஒன்னி. ஜன்னல் ஓர டேபிளைப் பிடித்துவைக்கச் சொல்வதற்காக என் போன் நம்பரையும் வாங்கி வைத்திருந்தார்கள்.

ஒரு நாள் நான் குளித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்து, அம்மா எடுத்துவிட்டாள். "ஒன்னி இருக்காங்களா?" என்று ஒரு பெண் குரல். அம்மா காதில் 'அண்ணி' என்று விழுந்திருக்கிறது. நான் துண்டோடு வெளியே வந்தபோது, அந்தப் பிள்ளை தனக்குக் கூடப்பிறந்தவர்களே இல்லை என்று போனில் அழாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா விடவில்லை: "அதெல்லாம் இருக்கட்டும், எம் பொண்ணு ஒனக்கு அண்ணின்னா, ஒங்கண்ணன் யாருன்னு மொதல்ல சொல்லு."

துவைக்கப் போட்ட சட்டை

அண்ணி விஷயத்தை ஒரு வழியாகப் புரியவைத்தேன். ஆனால் அம்மாவின் சந்தேகம் அடங்கவில்லை போலிருக்கிறது. மறுநாள் என் யூனிஃபார்மைத் துவைக்க எடுத்தவள் பேட்ஜைக் கழற்றி, எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறாள். நான் வீட்டுக்கு வந்ததும் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கேட்டாள், யூனா யாரு என்று. நான்தான் என்றேன். அங்கே எல்லாருக்கும் அப்படித்தான், வாய்க்குச் சுலபம், சும்மா ஒரு ஸ்டைலுக்கு என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

என் அம்மாவின் பெயர் பாப்பா. செல்லப் பெயர் இல்லை, ஆதாரிலும் அதுதான். நாலாவதும் பெண்ணாகப் பிறந்ததால் வீட்டில் யாரும் மெனக்கெட்டு ஒரு பெயர் வைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது பாப்பா என்றே எழுதிவிட்டார்கள். எஸ்டேட்டில் அவளைவிடச் சின்னப் பையன் சூப்பர்வைசர்கூட 'இந்தா பாப்பா' என்றுதான் விரட்டுவான். அதனால்தான் நான் பிறந்தபோது, தனக்குத் தெரிந்ததிலேயே பெரிய பெயராகப் பார்த்து எனக்கு வைத்தாள்.

அன்றைக்கு அவள் கத்தவில்லை. இந்த மாதம் முடிவதற்குள் அந்தப் பெயர் போக வேண்டும், இல்லை என்றால் நான் அந்த வேலைக்குப் போகக் கூடாது என்றாள். அதற்கப்புறம் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டாள். 'இந்தா', 'தோ பாரு', அவ்வளவுதான். பேட்ஜைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னாள்: "எனக்குதான் பேரே வெக்கல. ஒனக்கு வெச்சதயாவது கயட்டாம இருடி."

அந்த எழுத்து

வேலையையும் விட முடியாது. எனக்குப் பிடித்து நான் செய்கிற ஒரே விஷயம் அதுதான். மேனேஜரிடம் போனேன். என் பேட்ஜில் என் பெயரைப் போடுங்கள் என்றேன். கொரியா ஓட்டல் என்றால் கொரியாப் பெயர் இருந்தால்தான் ஒரு 'இது' என்றார் பிரகாஷ் அண்ணன். அப்படியென்றால் உங்கள் பெயர் மட்டும் ஏன் பிரகாஷ் என்று கேட்டேன். அவர் கல்லாவில் நிற்கிறாராம். கல்லாவுக்கு 'இது' தேவையில்லையாம்.

நானும் விடுகிற ஜாதி இல்லை. சூப்பு ஆறினால் நானே திரும்பச் சூடு பண்ணித் தருகிறேன் என்றேன். அவர் பெருமூச்சு விட்டுவிட்டு, உங்கம்மா உன்னை எப்படிக் கூப்பிடுவாங்க, சொல்லு என்றார். "தமிளு" என்றேன். சொன்ன பிறகுதான் மாட்டிக்கொண்டது தெரிந்தது. அவர் மேஜையைத் தட்டிச் சிரித்தார்: "பேரு வெச்சவங்களுக்கே வராத எழுத்து, கொரியாக்காரங்களுக்கு வருமா?"

கிரேஸ் மேடம்

கடைசியாக முதலாளியிடமே போனேன். கிரேஸ் மேடம் கொரியாக்காரர், என் அம்மா வயசுதான் இருக்கும். அடுப்படியில் உட்கார்ந்து கோஸ் நறுக்கி உப்புப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த சீரியல் கொரியனில், என் பெயர் யூனா இல்லை, தமிழ்ச்செல்வி என்றேன். அவரும் நல்ல மனசோடு முயற்சி பண்ணினார். தமில். தமிர். தமிட். நாக்கை மடித்துப் பார்த்தார், இருமல்தான் வந்தது. பிறகு சொன்னார்: என் பெயரும் கிரேஸ் இல்லை. உன்ஜு. நான் வந்த புதிதில் இங்கே யாருக்கும் அது வாயில் வரவில்லை, அதனால் நான் கிரேஸ் ஆகிவிட்டேன். நீயும் யூனாவாக இருந்துவிட்டுப் போ. ஊருக்காக இதைக்கூடச் செய்யக் கூடாதா?

நியாயம் மாதிரிதான் இருந்தது. ஆனால் அவர் பெயரின் முதல் எழுத்து எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. 'பாட்டு' என்று சொல்லிப் பாருங்கள். கடைசியில் வருகிற உ-வுக்கு உதடு குவியாது. அதற்குப் பெயர் குற்றியலுகரம். இது எந்த வேலைக்கு உதவும் மிஸ் என்று கேட்டு வகுப்புக்கு வெளியே நின்றவள் நான். மேடம் பெயரில் முதல் உ அந்த உ. அதற்கு உதடு குவியக் கூடாது, கடைசி உ-வுக்குக் குவிய வேண்டும். நம்ம ஆட்கள் இரண்டையும் தலைகீழாகச் சொல்லித்தான் அவரை கிரேஸ் ஆக்கிவிட்டிருக்கிறார்கள். நான் உதட்டைக் குவிக்காமல் ஆரம்பித்து, குவித்து முடித்தேன். "உன்ஜு."

கத்தி நின்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெரியவர்களை மொட்டையாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கொரியாவில் மகா தப்பு. நம்ம ஊரில் மட்டும் என்ன, யாராவது முதலாளியை அப்படிக் கூப்பிடுவார்களா? வேலை போச்சு என்று நினைத்தேன். மேடம் உப்புக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். எரிந்திருக்கும். அதோடேயே சொன்னார்: "இன்னொரு தடவை சொல்லு."

செல்பி

இரண்டு நாளில் புது பேட்ஜ் வந்துவிட்டது. மேலே தமிழில் தமிழ்ச்செல்வி, கீழே அதையே கொரிய எழுத்தில். எழுதுவது சுலபம், கூப்பிடுவதுதான் கஷ்டம். மேடத்துக்கு ழ வராதது போக, வ-வும் வராது, ப-தான் வரும். அதனால் 'தமிர்செல்பி'. அவசரத்துக்கு வெறும் 'செல்பி'.

ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லியிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. மேடம் உள்ளேயிருந்து "செல்பி!" என்று ஒவ்வொரு தடவை கூப்பிட்டபோதும் நாலு பேரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, தலையைச் சரிசெய்துகொண்டு, அடுப்படி வாசலைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மூன்றாவது தடவை அந்த அம்மா என்னைக் கூப்பிட்டுக் கோபமாகவே கேட்டார்: "செல்பி செல்பின்னு கத்துறாங்க, நாங்களும் இளிச்சிக்கினே கீறோம், போட்டோ எடுக்க ஒருத்தரும் வர்ல?"

மாசக் கடைசி

பேட்ஜ் மாறிவிட்டது என்று வீட்டில் சொன்னேன். அம்மா 'சரி' என்றாள், பெயர் சொல்லவில்லை. வீட்டுக்கு ஒரு பேட்ஜ், ஓட்டலுக்கு ஒரு பேட்ஜ் வைத்திருப்பேன் என்று நினைத்திருக்கலாம். என் மூஞ்சி அப்படி. மாதத்தின் கடைசி நாள், ஷிஃப்ட் முடிந்ததும், புடவைக்கு மேல் போட்டிருந்த கம்பெனிக் கோட்டைக்கூடக் கழற்றாமல் நேராக ஓட்டலுக்கே வந்துவிட்டாள்.

உட்காரவைத்து, சோறும் கிம்ச்சியும் தட்டில் வைத்தேன். என் முகத்தைப் பார்க்கவில்லை. பேட்ஜைத்தான் பார்த்தாள், எழுத்து எழுத்தாக. அந்த நேரம் பார்த்து அடுப்படியிலிருந்து "தமிர்செல்பி!" என்று சத்தம். அம்மா புருவம் ஏறியது. அது யாரு என்றாள். நான்தாம்மா என்றேன். வெளியே வந்த மேடம், அம்மாதான் என்று புரிந்ததும் இடுப்பு வரை குனிந்தார். அம்மா பதறி எழுந்து கும்பிட்டாள். இவர் மறுபடி குனிய, அவள் மறுபடி கும்பிட, யார் முதலில் நிறுத்துவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

பெற்றவள் எதிரில் தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று மேடத்துக்கு ஒரே வெட்கம். அங்கேயே நின்று திரும்பத் திரும்ப முயற்சி பண்ணினார். தமிர். தமில். தமிர். அம்மா, "அப்பிடி இல்லமா, என் வாயப் பாரு, தமிளு" என்றாள். மேடம் "தமிருளு" என்றார். பக்கத்து டேபிளில் இருந்தவர்கள் சாப்பிடுவதை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் கடைசி வரை அந்த எழுத்து வரவில்லை, இரண்டு பேரும் நிறுத்தவும் இல்லை. அப்புறம் அம்மா சிரித்துவிட்டாள். உட்கார்ந்து தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சொன்னாள்: "வாயில நொயயாட்டியும் வுடாம கூப்புடுது பாரு. இங்கயே வேல செய்டி, தமிளு."

ஆக, என் பெயரை அம்மா ஒரு விதமாகத் தப்பாகச் சொல்கிறாள், முதலாளி இன்னொரு விதமாகத் தப்பாகச் சொல்கிறார். இரண்டுக்கும் ஒரே மாதிரி ஓடிப்போய் நிற்கிறேன், சம்பளம் மட்டும் ஒன்றுக்குத்தான்.