வேறு கம்பெனியில் சாப்பிட்ட பொங்கல்

பதினான்கு வருடம் ஒரே தொழிற்சாலைக்கு ஒரே பஸ்ஸில் போய்வந்த நான், ஒரு நாள் காலை வேறொரு கம்பெனியின் பஸ்ஸில் ஏறி, அவர்கள் கேன்டீன் வரிசையில் நின்று, இரண்டு கரண்டி பொங்கல் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன். சட்னி தண்ணியாக இருக்கிறது என்று குறையும் சொல்லியிருக்கிறேன். இதை வெளியே சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் மண்டையையே திறந்து காட்டிவிட்டவனுக்கு அதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது?

அதற்கு எட்டு மாதம் முன்னால் என் மூளையின் வலப்பக்கத்திலிருந்து நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டியை எடுத்தார்கள். கெட்ட கட்டி இல்லை என்றார் டாக்டர். போகும்போது அது என் இடப்பக்கத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. கண் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. இடது என்று ஒரு திசை உண்டு என்பதை மூளை மறந்துவிட்டது. “அந்தப் பக்கம் இருட்டா தெரியுதா?” என்று பார்க்க வந்தவர்கள் கேட்பார்கள். முதுகுக்குப் பின்னால் இருப்பது உங்களுக்கு இருட்டாகவா தெரிகிறது? அங்கே பார்ப்பதற்கு ஒன்று இருக்கிறது என்றே தோன்றுவதில்லை அல்லவா? அப்படித்தான்.

முகத்தில் பாதி மட்டும் சவரம் செய்துகொண்டு திருப்தியாக எழுந்து வருவேன். தட்டில் தோசையின் வலப்பாதியைத் தின்றுவிட்டு, “இன்னொன்னு வையேன்” என்பேன். மனைவி தட்டை அப்படியே அரைச்சுற்று திருப்பி வைப்பாள். “இந்தாங்க, சூடா இன்னொன்னு.” பல நாள் அதை நான் நம்பினேன். கொஞ்சம் ஆறியிருக்கிறதே என்று மட்டும் நினைத்துக்கொள்வேன்.

ஸ்கேனுக்காகச் சென்னைக்குப் போகும்போது செம்பரம்பாக்கம் ஏரிக்கரை வலப்பக்கம் வரும். கரை, அதற்குமேல் வானம், கரை தாழ்ந்த இடத்தில் ஒரு கீற்று தண்ணீர். மாத்திரை மயக்கத்தில் கண்ணாடியில் தலை சாய்த்துப் பார்த்துக்கொண்டே போவேன். திரும்பி வரும்போது அந்த ஏரி இருக்காது. அவ்வளவு பெரிய ஏரியை யாரோ மடித்து எடுத்து வைத்துவிட்டதுபோல இருக்கும். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. போன வேலை முடிந்தது, ஏரியையும் எடுத்து வைத்துவிட்டார்கள், அடுத்த மாதம் மறுபடி விரிப்பார்கள் என்று தோன்றும். அந்த மாதங்களில் உலகம் மொத்தமுமே எனக்கு அப்படி இரவல் வாங்கியதுபோலத்தான் இருந்தது. குரல்கள் வரும், ஆட்கள் வரமாட்டார்கள். காபி டம்ளர் காற்றிலிருந்து முளைத்து என் கைக்கு வரும்.

பயிற்சி கொடுக்க வந்த பெண், எல்லாப் பொருளின் இடது ஓரத்திலும் சிவப்பாக ஒரு அடையாளம் வைக்கச் சொன்னாள். சிவப்பு தட்டுப்படும்வரை தலையைத் திருப்பிக்கொண்டே போக வேண்டும். மனைவி தன் ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தட்டுக்குப் பொட்டு, கண்ணாடிக்குப் பொட்டு, கதவுக்குப் பொட்டு. என் புத்தகங்களுக்கு நான் வேண்டாம் என்றேன். வரிகளின் வலப்பாதியை மட்டும் படித்தே பல நாவல்களை முடித்திருந்தேன். சில எழுத்தாளர்கள் அதில் தேறினார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆனால் என் வேலை புத்தகம் படிப்பது இல்லை. ஒரகடத்துக் கார் தொழிற்சாலையில், லைனின் கடைசியில், முடிந்து வரும் கார்களைப் பார்ப்பது என் வேலை. இரண்டு பக்கமும் மேலேயும் டியூப்லைட்டுகள் எரியும் ஒரு கூண்டுக்குள் கார்கள் ஒவ்வொன்றாக வந்து நிற்கும். அந்த வெளிச்சத்தில் அவை இப்போதுதான் குளித்து வந்தவைபோல இருக்கும். கீறல் உண்டா, கதவு இடைவெளி சரியா, வீல் நட்டு எல்லாம் முறுக்கியிருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டில் படுத்திருந்த நாட்களில் கண்ணை மூடினால் அந்த வெளிச்சம்தான் வரும். எட்டு மாதம் முடிந்து, வரும் திங்கட்கிழமை கம்பெனி டாக்டர் என்னைப் பார்ப்பதாக இருந்தது. அவர் சரியென்றால் அந்த இடம் எனக்கு, இல்லையென்றால் இல்லை. எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அதற்கு ஒரு திட்டமும் வைத்திருந்தேன். காரின் வலப்பக்கத்தை மட்டும் நான் பார்க்கிறேன், இடப்பக்கத்தை வேறொருவர் பார்க்கட்டும். இதை மனைவியிடம் விளக்கினேன். அவள் பீரோவின் முன்னால் என்னை நிறுத்தினாள்.

“இதான் காரோட வலது பக்கம்னு வச்சிக்கோங்க. இன்னா தெரியுது?”

“முன் கதவு.”

“பின் கதவு?”

எனக்கு இடப்பக்கம் இருந்த பின் கதவு, ஏரியைப்போலவே போயிருந்தது.

“இதுக்குப் போயி எட்டு மாசம் யோசிச்சீங்களா?” என்று சொல்லிவிட்டு அவள் துணி மடிக்கப் போனாள்.

பீரோ முன்னால் நின்ற மறுநாள்தான் அந்தப் பொங்கல். எங்கள் ஊர் மண்ணூரில் டீக்கடைவரை தனியாக நடந்துவர எனக்கு அனுமதி இருந்தது. நான் யூனிஃபார்ம் போட்டு, அடையாள அட்டையையும் மாட்டிக்கொண்டு போவேன். லுங்கியில் போனால் “தலை இப்போ எப்படி இருக்கு?” என்று கேட்பார்கள், யூனிஃபார்மில் போனால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அன்று காலைப் பனியில் ஒரு வெள்ளை பஸ் வந்து நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அட்டையைப் படித்தேன். ‘மண்ணூர் – ஏ ஷிஃப்ட்’. அதற்கு இடப்பக்கம் கம்பெனி பெயர் எழுதியிருக்கும். எனக்கு அது இல்லை. ஒரு எட்டு போய் என் இடத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஏறிவிட்டேன்.

முதல் ஷிஃப்ட் பஸ்ஸில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை, எல்லோரும் தூக்கம். இந்தப் பக்கத்தில் பாதிக் கம்பெனிகளுக்குச் சாம்பல் சட்டைதான் யூனிஃபார்ம். கான்ட்ராக்ட் ஆட்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறுவார்கள் என்பதால் புதுமுகங்களிலும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. நானும் தூங்கினேன். இறங்கியபோது மரங்கள் வளர்ந்திருந்தன. கேன்டீன் இடம் மாறியிருந்தது. எட்டு மாதத்தில் நிர்வாகம் இவ்வளவு சுறுசுறுப்பாகிவிட்டதே என்று வியந்தேன். யாரோ தட்டை நீட்டினார்கள், யாரோ பொங்கல் வைத்தார்கள், எதிரே உட்கார்ந்தவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். இத்தனை மாதத்தில் என்னிடம் தலையைப் பற்றிக் கேட்காத முதல் ஆள் அவர்தான். அவ்வளவு நிம்மதியாக நான் எங்கேயும் சாப்பிட்டதில்லை.

பிறகு எல்லோரோடும் போய், வேலைக்கூடத்தின் வாசலில் இருந்த கருவியில் அட்டையைக் காட்டினேன். சிவப்பு விளக்கு. மறுபடி காட்டினேன். சிவப்பு. பின்னால் வரிசை நின்றது.

என்னை வேலையைவிட்டு எடுத்துவிட்டார்கள் என்று முடிவு செய்துவிட்டேன். டாக்டர் பார்க்கும் முன்பே, சொல்லாமல்கூட. “பதினாலு வருஷ சர்வீஸ்! ஒரு லெட்டராவது போட்டிருக்கலாம்ல?” என்று கத்தினேன். கண்ணில் தண்ணீர் வேறு. காவலாளி வந்து என் அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

“சார், இது வேற கம்பெனி கார்டு சார்.”

“அப்போ இது?”

“இது எங்க கம்பெனி. உங்களுது ரெண்டு கிலோமீட்டர் தள்ளி கீது.”

என்னை நாற்காலியில் உட்காரவைத்து, அட்டையின் பின்னால் இருந்த வீட்டு எண்ணுக்குப் பேசினார். மனைவி ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். திட்டுவாள் என்று பார்த்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்து, வாய் ஓரத்தில் ஒட்டியிருந்த பொங்கலைத் துடைத்தாள். இடது ஓரமாகத்தான் இருக்க வேண்டும். பிறகு, “டாக்டர் கிட்ட இத்தெல்லாம் சொல்லாதீங்க” என்றாள்.

திங்கட்கிழமை டாக்டர் ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். என்னைப் போன்றவர்கள் பன்னிரண்டு எண்களையும் வலப்பாதியிலேயே நெருக்கி எழுதிவிடுவார்கள். நான் வீட்டில் ஐம்பது கடிகாரம் வரைந்து பழகியிருந்தேன். எண்களை அதனதன் இடத்தில் வைத்துக் கொடுத்தேன். டாக்டர் முகம் மலர்ந்தது. பேனாவை எடுத்தார். வெளிச்சக் கூண்டு எனக்குக் கிடைத்துவிட்டது.

அப்போது பாழாய்ப்போன வீல் நட்டு ஞாபகம் வந்தது. கீறலை விட்டால் வாங்கினவர் திட்டுவார், அவ்வளவுதான். இடப்பக்கம் ஒரு நட்டை விட்டுவிட்டால்? முறுக்காத நட்டோடு யாரோ குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போவார்கள்.

“சார், பழகிட்டு வந்து வரைஞ்சேன்” என்றேன். பஸ்ஸைச் சொன்னேன், பொங்கலைச் சொன்னேன், சட்னியைக்கூடச் சொன்னேன். டாக்டர் பேனாவை மூடினார். ஆறு மாதம் ஆவண அறையில் வேலை, அதன்பிறகு பார்க்கலாம் என்றார்.

வெளியே மனைவியும் என் சூப்பர்வைசரும் நின்றிருந்தார்கள். அவர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, “என் கையெழுத்தோட ஒரு வண்டிகூடத் தப்பா வெளிய போயிடக் கூடாது, அதான் நானே சொல்லிட்டேன்” என்றேன். சூப்பர்வைசர் என் தோளில் கைபோட்டார்.

“நீங்க வேறண்ணா. ஆபரேஷனுக்கு முன்னாடி மட்டும் இன்னா, எல்லாத் தப்பையும் புடிச்சிக்கினா இருந்தீங்க? உங்களுக்கு அடுத்தாப்புல ரெண்டு பேரைப் போட்டு வச்சிருந்தமே, அது எதுக்குன்னு நெனச்சீங்க?”